கதேத்துகள் கையில் துப்பாக்கி எதற்கு?

ரஷ்யப் புரட்சி பற்றிய கட்டுரைகளில் ‘கதேத்’ கட்சியினர் ‘கேடட்டுகள்’ ஆகி, ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவில் உட்கார்ந்து வாதாடுவதை இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? போதாக்குறைக்கு அதைத் தமிழாக்கி ‘பயிற்சிப் படையினர்’ என்றும் எழுதிவிடுகிறார்கள்.

1905 அக்டோபரில் மாஸ்கோவில் தொடங்கிய அரசமைப்பு மக்களாட்சிக் கட்சியின் ரஷ்யப் பெயரில் முதலெழுத்துகள் ‘கா’, ‘தே’. அதிலிருந்து ‘கதேத்’. படைப்பள்ளி மாணவனைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒற்றுமை உண்டு, வேறு உறவில்லை. 1917இல் குளிர்கால அரண்மனையைக் காத்து நின்ற படைப்பள்ளி மாணவர்களோ ‘யுங்கர்’கள். இருவரையும் ‘கேடட்’ ஆக்கினால், கதேத் தலைவரான வரலாற்றறிஞர் மிலியுகோவும் துப்பாக்கியோடு வாசலில் நின்றதாகிவிடும்.

இதைத் திருத்த வந்தவர்கள் ‘அரசியல்சட்ட முடியாட்சிவாதிகள்’ என்கிறார்கள். மன்னர் வேண்டும் என்றவர்களுக்கு மக்களாட்சிப் பெயர் எப்படிப் பொருந்தும் என்ற குழப்பம் போலும். மன்னர் இருக்கட்டும், அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும் என்பதே அவர்கள் கேட்டது. அதையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்கவில்லை. 1906 ஜனவரி மாநாட்டில்தான் நாடாளுமன்ற முடியாட்சி என்று தெளிவாக்கினார்கள். 1917 மார்ச்சில் முடி சரிந்ததும் மாநாடு கூட்டிக் குடியரசுக்கு மாறினார்கள். அன்றைக்கு அவர்களை என்னவென்று எழுதுவது? உண்மையான முடியாட்சிவாதிகள், ஜாரின் வரம்பற்ற ஆட்சியை ஆதரித்த தீவிர வலதுசாரிகளான கருப்பு நூற்றுவர் கூட்டத்தார். கதேத் கட்சியின் நிலச்சீர்திருத்த வல்லுநர் ஹெர்த்சென்ஷ்டைனை 1906 ஜூலையில் சுட்டுக் கொன்றது அந்தக் கூட்டம்தான். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே பட்டமா?

‘மிதவாதிகள்’ என்பதும் உதவாது. அவர்களைவிட மிதமான ‘அக்டோபர்வாதிகள்’ என்ற கட்சியினர் அவர்களுக்கு வலப்பக்கத்திலேயே இருந்தார்கள்.

முதல் இடத்தில் ‘அரசமைப்பு மக்களாட்சிக் கட்சியினர்’, பிறகு ‘கதேத்துகள்’: இதுவே என் தேர்வு. ‘அரசமைப்பு’ இருக்க ‘அரசியல் சாசனம்’ எதற்கு? சாசனம் மன்னன் வெட்டிக் கொடுப்பது. ஜார் நிக்கலாய் அப்படித்தான் நினைத்தார்: 1906 அடிப்படைச் சட்டங்களில் ‘வரம்பற்ற’ என்ற சொல் போனது, ‘எதேச்சாதிகாரம்’ அப்படியே நின்றது. கதேத்துகளின் சண்டையே அதோடுதான்.

ரஷ்யப் பெயரை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே பார்க்கும் பழக்கம் போகாதவரை இந்தக் கூத்து ஓயாது. ‘அக்டோபர்வாதி’களை போல்ஷெவிக்குகள் என்று நினைத்து, அக்கட்சித் தலைவர் குச்கோவைப் புரட்சியாளராக்கியவர்களும் உண்டு. அந்த அக்டோபர் 1917 புரட்சியின் மாதமல்ல, 1905இல் குடியுரிமைகளும் டூமாவும் தருவதாக ஜார் அறிக்கை வெளியிட்ட மாதம். ‘அக்டோபர் 17 சங்கத்தினர்’ என்று முழுசாக எழுதித் தொலைத்தால் என்ன?