துணிக்கடைப் பையில் வரும் ஆய்வு நிதி

சென்ற மார்ச் 29-ஆம் தேதி மாலை, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் துணிக்கடைப் பை ஒன்று. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். பெட்ரோல் பங்க் சீட்டு, ஜெராக்ஸ் கடை ரசீது, ஓட்டல் பில், நோட்டுத் தாளைக் கிழித்துப் பேனாவால் எழுதிய 'ஜீப் வாடகை 4,500'. "நாளை மறுநாளுக்குள் யூ.சி. அனுப்ப வேண்டும் சார். ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்றார். யூ.சி. என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ்: அரசு தந்த ஆய்வு நிதி எதற்குச் செலவானது என்று காட்டும் தாள்.

ஒரு கையெழுத்து 'மட்டும்'! நாகர்கோவிலில் ஆடிட்டராக இருபது வருடம் தள்ளிவிட்டேன். அந்த மார்ச்சில் மட்டும் இது நான்காவது பை.

சீட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். பங்கிலும் ஓட்டலிலும் தரும் பில் வெப்பத்தாளில் அச்சாவது. நம் ஊர் வெயிலில் பைக்குள் கிடந்தால் சில மாதங்களில் எழுத்து பறந்துவிடும். சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் பறவைகளைக் கணக்கெடுக்க இரண்டு வருடம் விடியற்காலையில் அலைந்திருக்கிறார் அந்த அம்மா. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலைகள் அவை. நல்ல ஆய்வு, நானே அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். அலைந்ததற்குச் சாட்சிதான் வெள்ளைத் தாளாகிவிட்டது.

இவர் பணத்தைச் சுருட்டும் ஆள் இல்லை. இப்படிப் பையோடு வருபவர்களில் பெரும்பாலோரும் அப்படி இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நிதி கிடைத்த அன்றே கல்லூரி வாசலில் பதாகை கட்டிவிடுகிறார்கள்: 'பத்து லட்சம் ரூபாய் பரிசு பெற்ற எங்கள் பேராசிரியருக்கு வாழ்த்துகள்'. எனக்கு எரிச்சல் மூட்டும் ஒரே சொல் அந்தப் 'பரிசு'. பரிசு என்றால் வாங்கினோம், செலவழித்தோம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு நிதி அப்படியா? ஒப்புதல் ஆணையை எடுத்துப் பாருங்கள். பணம் கல்லூரியின் பெயருக்குத்தான் வருகிறது, உங்கள் பெயருக்கு அல்ல. ஆய்வை நடத்தும் பொறுப்புதான் உங்களுடையது. அது விருதும் அல்ல, ஊதியமும் அல்ல, நீங்கள் முன்பே செய்த செலவுக்கு ஈடும் அல்ல.

நம் ஊர் முறையில் சொல்கிறேன். கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிக்கிறோம். பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஊரில் மதிப்பான ஆள்தான். ஆனால் கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் நோட்டை விரித்து வாசிக்க வேண்டும்: வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, தோவாளைப் பூவுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. பந்தல் கணக்கில் தன் வீட்டுத் திண்ணைக்கு ஓலை வேய்ந்தால் ஊர் சும்மா விடுமா? மீதிப் பணம் அடுத்த கொடைக்குப் போகும், அவர் சட்டைப்பைக்குப் போகாது. ஊர்க்கூட்டத்தில் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்கும் அதே பேராசிரியர்கள், டெல்லியிலிருந்து வந்த பணம் என்றதும் அதை 'என் கிராண்ட்' என்கிறார்கள்.

வட்டியிலும் இதே கதைதான். சேமிப்புக் கணக்கில் நிதி கிடந்தபோது வங்கி வட்டி போட்டிருக்கும். "வட்டி வங்கி கொடுத்தது, அரசு கொடுத்ததில்லையே" என்று ஒரு வேதியியல் பேராசிரியர் என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இதில் தெளிவு: மானியத்தின்மேல் சேர்ந்த வட்டியும் கணக்கு முடிந்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்கே, திரும்ப வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழுக்கான 12-ஏ படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

அடுத்து லேப்டாப். பறவை ஆய்வுப் பையிலும் ஒன்று இருந்தது. கருவி வாங்க இந்த ஆய்வில் அனுமதியே இல்லை. நுகர்பொருள், அதாவது பயன்படுத்தித் தீரும் பொருட்கள், என்ற செலவுத் தலைப்பில் பணம் மிஞ்சியிருந்தது. கடைக்காரர் 'உதிரிப் பாகங்கள்' என்று பில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதே பில்லின் கீழே தயாரிப்பு வரிசை எண்ணும் ஒரு வருட உத்தரவாதமும் அச்சாகியிருக்கின்றன. உதிரிப் பாகத்துக்கு எந்தக் கடையில் இப்படி உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள்? ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டுமா, வாங்குவதற்கு முன்பே நிதி தந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் பல நேரம் அனுமதி கிடைக்கிறது. வாங்கிவிட்டுக் கேட்டால் அது அனுமதி கேட்பதாகாது, மன்னிப்புக் கேட்பதாகும்.

முன்தேதியிட்டுக் கையெழுத்துக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரி முதல் நாங்கள் தரும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் எடுக்க வேண்டும். அதை எந்த நாளில் எடுத்தோம் என்பது எங்கள் தொழிலை நெறிப்படுத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் பதிவாகும். டெல்லியில் இருக்கும் அதிகாரி எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். உங்கள் தாமதத்தை என் பேனாவால் மறைக்க முடியாது.

"நாங்கள் தமிழ்த்துறை, எங்களுக்கு என்ன கருவி, என்ன கணக்கு?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. சமூக அறிவியலுக்கு நிதி தரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969-இல் தொடங்கியது, அன்றுமுதல் இன்றுவரை கணக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் செலவு பெரும்பாலும் ரசீது தராத மனிதர்களிடம் போகிறது. கடலோர ஊரில் பாட்டுச் சொன்ன பாட்டிக்கு, பேச்சிப்பாறைப் பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கு வழிகாட்டியவருக்கு, தெருத் தெருவாக ஆய்வுக் கேள்விப் படிவம் நிரப்பிய மாணவருக்கு. யாரும் உங்களிடம் கம்ப்யூட்டர் பில் கேட்கவில்லை. வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்குங்கள். தேதி, ஊர், பெயர், என்ன வேலை, எவ்வளவு தொகை, கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை. தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து. அந்த இடத்திலேயே, அப்போதே. ஆறு மாதம் கழித்து ஒரே பேனாவில் நாற்பது வவுச்சர் எழுதினால் எனக்குத் தெரியாமலா போகும்?

திட்ட வரைவு எழுதும்போதே சறுக்குபவர்களும் உண்டு. மூத்தவர் ஒருவரின் பழைய வரைவைப் பார்த்துக் கருவிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று போடுகிறார்கள். ஆய்வு நிறுவனங்களுக்கான அந்தச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. விலைப்புள்ளி கையில் வரும்போது பெரும்பாலும் 18 விழுக்காடு என்று இருக்கும். துண்டு விழும் தொகைக்கு என்னிடம் வழி கேட்பார்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு: ஆய்வு நிதியைக் கல்லூரியின் பொதுக் கணக்கில் கலக்காதீர்கள். கட்டட வேலைக்குக் 'கொஞ்ச நாள் கைமாற்றாக' எடுத்த ஒரு நிர்வாகத்தையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

பேராசிரியர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். முதல் தவணைக்கு யூ.சி. போகாமல் அடுத்த தவணை வராது. உங்களுக்குக் கல்லூரிச் சம்பளம் மாதாமாதம் வந்துவிடும். உங்களிடம் இளநிலை ஆய்வாளராக இருக்கும் பெண்ணுக்கு அந்த நிதியிலிருந்துதான் உதவித்தொகை. 2023 முதல் மத்திய அரசுத் திட்டங்களில் அது மாதம் 37,000 ரூபாய். வீட்டில் அதை நம்பித்தான் கடன் வாங்கியிருப்பார்கள். குளச்சலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஐந்து மாதம் ஒரு பைசா இல்லாமல் வேலை செய்த ஒரு பெண் என் அலுவலகத்துக்கே வந்து, "சார், எங்கள் மேடத்தின் கணக்கு எப்போது முடியும்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல? மேடம் இன்னும் பில் கொண்டுவரவில்லை என்றா?

அந்தத் துணிக்கடைப் பைக்கு அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. பங்கில் நகல் வாங்கினார், ஜீப் ஓட்டுநரைத் தேடிப்பிடித்து முறையான ரசீது எழுதி வாங்கினார், லேப்டாப் தொகையைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். கணக்கு ஜூனில் முடிந்தது.

போன வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். இன்னொரு திட்டத்துக்கு நிதி கிடைத்திருக்கிறதாம்.

"இந்தத் தடவை முதல் நாளே பேரேடு, வவுச்சர் புத்தகம், கோப்பு எல்லாம் வாங்கிவிட்டேன் சார்."

"நல்லது மேடம். ஒப்புதல் ஆணையை வாசித்தீர்களா?"

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

"இன்று ராத்திரி வாசித்துவிடுகிறேன் சார்."