பச்சை விழுந்தும் நகராத கார்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலும் மென்லோ பார்க்கிலும் அந்தோனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 1968-ல் வெளியாயின. சிக்னலில் முதலாவதாக ஒரு காரை நிறுத்திக்கொள்வது, பச்சை விழுந்த பிறகும் நகர்த்தாமல் இருப்பது, பின்னால் நிற்பவர் எப்போது ஹாரன் அடிக்கிறார் என்று பார்ப்பது. அவ்வளவுதான். சில தடவை புத்தம்புதிய ஆடம்பரக் கார் வழியை மறித்தது, சில தடவை துருப்பிடித்த பழைய வண்டி.

பழைய வண்டிக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதம் பேர் ஹாரன் அடித்தார்கள். ஆடம்பரக் காருக்குப் பின்னால் 50 சதவீதம் பேர்தான். இரண்டு பேர் ஹாரனைத் தொடாமலே பழைய வண்டியின் பம்பரில் இடித்தார்கள்!

எனக்கு இந்தச் சோதனை முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. போகும் வழி தடைப்பட்டால் ஆத்திரம் வரும் என்பது 1939-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டாலர்டும் சகாக்களும் சொன்னது. ஆனால் இங்கே தடை ஒன்றுதான், வீணான நொடிகளும் ஒன்றுதான். முன்னால் நிற்பவர் யார் என்று நாம் நினைக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கோபம் மாறியிருக்கிறது.

அந்த நினைப்புக்கு ஆதாரமாக நம் கையில் இருப்பது ஒரு வண்டியின் முதுகு மட்டும்தான். பேருந்துக் கூட்டத்தில் தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால், சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அரை நொடிதான், அவரும் "பரவாயில்லை" என்று விட்டுவிடுவார். சாலையில் அப்படிக் காட்ட வழி ஏது? கண்ணாடிக்குள்ளும் ஹெல்மெட்டுக்குள்ளும் இருக்கும் மனிதருக்கு ஹாரனும் விளக்கும்தான் மொழி. "கொஞ்சம் பாருங்க" என்பதற்கும் அதே ஹாரன், திட்டுவதற்கும் அதே ஹாரன். காரணம் தெரியாத இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நான் குறுக்கே புகுந்தால் அவசரம், அவர் புகுந்தால் திமிர். பிறர் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைக் காரணமாக்கும் இந்தப் பழக்கத்துக்கு 1977-ல் லீ ராஸ் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று பெயர் வைத்தார்.

கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. நெரிசலில் பக்கத்து லேன் மட்டும் வேகமாகப் போவதாகத் தோன்றுகிறதல்லவா? டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் திப்ஷிராணி இருவரும் 1999-ல் இதை விளக்கினார்கள். இரண்டு லேனும் சராசரியில் ஒரே வேகம்தான் என்று வையுங்கள். பக்கத்து லேன் தேங்கும்போது வண்டிகள் நெருக்கி நிற்கும். பத்து வண்டியைச் சில நொடிகளில் தாண்டிவிடுவோம். நம் லேன் தேங்கும்போது அங்கே வண்டிகள் இடைவெளி விட்டு ஓடும்; அதே பத்து வண்டி ஒவ்வொன்றாக நம்மைத் தாண்ட நெடுநேரம் ஆகும். ஆகவே முந்துவதைவிட முந்தப்படுவதில்தான் அதிக நேரம் கழிகிறது. போதாததற்கு, நாம் தாண்டியவை பின்னால் மறைந்துவிடும். நம்மைத் தாண்டியவை கண் முன்னாலேயே நிற்கும். யாருமே ஏமாற்றவில்லை, ஆனாலும் ஏமாந்த எரிச்சல்.

அப்புறம் வெயில். 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலும் இதேபோல் பச்சையில் காரை நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பம் ஏற ஏற ஹாரனும் ஏறியது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இத்தனையும் சேரும்போது உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ அடிக்கவோ திரட்டிய பலம் அது. ஆனால் நாம் இருக்கையில் உட்கார்ந்தபடி இருக்கிறோம், காலடியில் ஆக்ஸிலரேட்டர்.

ஒரு மழை மாலையில் என் வண்டிக்குக் குறுக்கே ஒருவர் வெட்டிக்கொண்டு போனார். பிரேக் பிடித்ததில் வண்டி வழுக்கியது. அடுத்த சிக்னலில் திட்டுவதற்காகவே அவர் பக்கத்தில் போய் நிறுத்தினேன். அவர் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றி, நெஞ்சில் கை வைத்து, "சாரிண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். "சரி, பாத்துப் போங்க" என்றுதான் சொல்ல வந்தது. நெஞ்சுப் படபடப்பு மட்டும் வீடு வந்து சேரும் வரை அடங்கவில்லை.