காட்டேஜ் எண்டா குடிசையா? அப்ப வாடி எங்க போச்சு?

லண்டன்ல இருக்கிற மருமகள் போன கிழமை வாட்ஸப்பில ஒரு இணைப்பு அனுப்பினா. வேல்ஸ் கடற்கரைப் பக்கம் லீவுக்கு நிக்க ஒரு காட்டேஜ் பாத்திருக்கா, தமிழிலயும் வருது மாமா, வாசிங்க எண்டா. வாசிச்சன். "வேலை செய்யும் பண்ணையில் பழமையான கடலோரக் குடிசை." வர்க்கிங் ஃபார்ம் எண்டதை அப்பிடியே சொல்லுக்குச் சொல் போட்டு, பண்ணை வேலை செய்யுதாம். அப்ப மற்றப் பண்ணையெல்லாம் லீவில நிக்குதா? ரஸ்டிக் எண்டதுதான் "பழமையான" ஆகியிருக்கு, பூச்சு மினுக்கு இல்லாத நாட்டுப்புற வீடு எண்டு சொல்லவேண்டியது, பழைய வீடெண்டா நம்ம ஆக்கள் முதல்ல மழைக்கு ஒழுகுமா எண்டுதான் கேப்பாங்க.

காட்டேஜ் எண்ட சொல்லின்ட மூலம் சின்னக் கதை. பழைய இங்கிலீஷில காட் எண்டா சின்ன வீடு, அதுக்கு பிரெஞ்சு வால் ஒண்டு ஒட்டினா காட்டேஜ். (நேரா "சின்ன வீடு" எண்டு மொழிபெயர்த்தா வேற பிரச்சினை வரும்.) ஃபார்ம் லத்தீன் ஃபிர்மாவில இருந்து வந்தது, முதல்ல நிலையான குத்தகைக் காசு, பிறகு குத்தகைக்கு எடுத்த காணி, கடைசியாத்தான் பயிர் செய்யிற காணி.

இனி குடிசைக்கு வருவம். குடி, குடில் எண்ட வரிசையில வாற நல்ல சொல், அதில பிழையில்ல. ஆனா ஊரில குடிசை எண்டா இல்லாதவன்ட வீடு, 2004 சுனாமிக்குப் பிறகு கிடுகுக்கும் தறப்பாளுக்கும் கீழ இருந்த சனத்துக்கிட்ட போய், குடிசையில ஒரு ராவுக்கு இத்தனை ஆயிரம் எண்டு சொல்லிப் பாருங்க. இங்க திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் ஹோட்டல் போர்டில இதையே எழுதி வச்சிருக்காங்க, உள்ள ஏசி ஓடுது.

அப்ப "பண்ணை வீடு" எண்டு போடலாமே எண்டு ஒரு கூட்டம் வரும். தமிழ்நாட்டுப் பேப்பரில பண்ணை வீடு எண்டா நடிகரும் அரசியல்வாதியும் சனி ஞாயிறுக்குப் போற, உயர மதில் கட்டின பங்களா, அங்க கத்தரிக்காய் காய்க்குதோ இல்லையோ நீச்சல் தடாகம் இருக்கும். பண்ணையார் ஞாபகமும் கூடவே வரும். இங்க பண்ணை எண்டா கோழிப்பண்ணை, மாட்டுப்பண்ணை, யாழ்ப்பாணத்தானுக்கு பண்ணைப் பாலம். வெங்காயமும் மிளகாயும் போட்டு, ரெண்டு மாடும் கட்டி ஒரு குடும்பம் பாடுபடுற காணிக்கு நம்மட சொல் கமம். கமக்காரர் இருக்காங்க, கமநல சேவை நிலையம் இருக்கு, "வேலை செய்யும்" எண்டு முன்னுக்குப் போடத் தேவையே இல்ல, வேலை செய்யாட்டி அது கமமில்ல, தரிசு.

காணிக்கு கமம் எண்டா, அதில நிக்கிற வீட்டுக்கு நம்மட சொல் வாடி. சோளகக் காலத்தில, அதாவது தென்மேல் காத்து வீசுற காலத்தில, நீர்கொழும்புப் பக்கமிருந்து மீன்பிடிக்க வாற ஆக்கள் நம்மட கரையில கிடுகும் தகரமும் வச்சு வாடி அடிப்பாங்க, வாடைக்கு முன்ன கழட்டிக்கொண்டு போயிடுவாங்க. சிங்களத்திலயும் வாடிய எண்டுதான். கடலோரம், எளிமையான கூரை, கொஞ்ச நாள் தங்கல், இதைவிட என்ன வேணும்? ரெஸ்ட் ஹவுஸுக்கு வாடிவீடு எண்டு நம்ம ஆக்கள் எப்பவோ பேர் வச்சாச்சு. மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு வாடி எண்டா ஜல்லிக்கட்டு வாடிவாசல், இல்லாட்டி மரவாடி, கடற்கரைப் பக்கம் காலே வைக்காம கடலோரத்தை மொழிபெயர்க்கிறாங்க. சிநேகிதன் ஒருத்தன் சொல்லுறான், வாடி எண்டா கருவாட்டு மணம் அடிக்குதாம், "இங்க வாடி" மாதிரியும் கேக்குதாம். கருவாட்டு மணம் பிடிக்காதவன் கடற்கரைக்கு ஏன் வாறான்?

மருமகளுக்கு "கடலோரக் கமத்து வாடி" எண்டு திருத்தி அனுப்பினன். அவ அதை கவனிச்ச மாதிரியே இல்ல, அங்க செம்மறிக் குட்டிக்குப் போத்தல்ல பால் குடுக்க விடுவாங்களாம் மாமா எண்டு படம் அனுப்புறா.