மீள்குடியேற்றமா, குடிபெயர்ப்பா?

‘மெரஷீன் தீவு மக்கள் மீள்குடியேற்றம் செய்யப்பட்டார்கள்.’ மொழிபெயர்ப்புகளில் மூன்றாவது முறையாக இந்த வரி கண்ணில் பட்டுவிட்டது. படிப்பவர் என்ன நினைப்பார்? எங்கோ போயிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள் என்றுதானே? நடந்தது நேர்மாறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், பிளசென்ஷியா விரிகுடாவில் இருக்கும் அந்த மீனவத் தீவு, மக்கள் அரசுத் திட்டத்தில் ஊரை விட்டுக் கிளம்ப, 1968-இல் காலியானது.

ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘ரீசெட்டில்மென்ட்’. அதில் உள்ள ‘ரீ’ லத்தீன் முன்னொட்டு. ‘மறுபடி’ என்றும் பொருள், ‘திரும்ப’ என்றும் பொருள். நம்மவர்கள் இரண்டுக்கும் ‘மீள்’ போட்டுவிட்டார்கள். ‘மீள்பதிப்பு என்கிறோமே, அது மறுபடி அச்சிடுவதுதானே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, புத்தகத்துக்கு ஊர் கிடையாது. ஆள் மீண்டான் என்றால் போன இடத்திலிருந்து வந்துவிட்டான் என்றுதான் கொள்வோம். போதாததற்கு, இடம்பெயர்ந்தவர்கள் சொந்தக் காணிக்குத் திரும்புவதற்கு இலங்கைத் தமிழில் இந்தச் சொல் நிலைத்தே விட்டது. அதைப் போய் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் தலையில் கட்டுகிறார்கள். ‘மறுவாழ்வு’ என்று எழுதுபவர்களோடு நான் பேசுவதாக இல்லை.

என் ஓட்டு ‘குடிபெயர்ப்பு’க்கு. குடிபெயர்தல் தானாகப் போவது. பெயர்த்தல் பிறவினை, பெயர்க்க ஒருவர் வேண்டும். இங்கே அது அரசு. 1954-இல் மாகாண அரசு பணம் கொடுத்து ஊர்களைப் பெயர்க்கத் தொடங்கியது. 1965-இல் கனடா மத்திய அரசும் சேர்ந்தது. 1975-க்குள் ஏறக்குறைய 300 ஊர்கள், 30,000 பேர். ‘மக்களே ஒப்புக்கொண்டுதானே போனார்கள்?’ என்பார்கள். ஊர் முழுக்கச் சம்மதிக்க வேண்டும் என்றிருந்த விதி பிறகு 90 சதவீதமாகி, அப்புறம் 80 ஆனது. பக்கத்து வீடெல்லாம் கிளம்பி, பள்ளி ஆசிரியரும் போன பிறகு மிச்சமிருப்பவர் சம்மதம் யாருக்கு வேண்டும்?

வீட்டையும் நிஜமாகவே பெயர்த்தார்கள். மரவீட்டை அடித்தளத்திலிருந்து கிளப்பி, கரைக்கு இழுத்து வந்து, காலிப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துப்போனார்கள். ஜன்னல் கதவோடு ஒரு மாடி வீடு கடலில் போகிற புகைப்படத்தின் கீழே ‘மீள்குடியேற்றம்’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இதே கையோடு ‘அவுட்போர்ட்’டை ‘வெளித்துறைமுகம்’ ஆக்கிவிடுகிறார்கள். அங்கே அது மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கு வெளியே உள்ள சின்னக் கடலோர ஊர். நெய்தல் நிலத்து ஊருக்கு நம்மிடம் ‘பாக்கம்’ பழைய காலத்திலிருந்தே இருக்கிறது.

ஆர்னல்ட்ஸ் கோவ் போல, அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரின் பக்கமிருந்து சொல்வதானால் ‘குடியமர்த்தல்’ போதும். தீவிலிருந்து பார்த்தால் பெயர்ப்புதான். தினமும் மொழிபெயர்க்கிறவர்களுக்கு இந்தச் சொல்லா கிடைக்காமல் போயிற்று?