பூட் – இந்தச் சொல் எங்கேந்து வந்துச்சு, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்

விண்டோஸும் லினக்ஸும் சேத்துப் போட்ட கம்ப்யூட்டர்ல ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் "பூட் ஆகல"ன்னு தான் சொல்றோம், ஆனா அதை மட்டும் வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா பூட்ங்கறது, அதாவது கம்ப்யூட்டரை ஆன் பண்ணதுலேந்து விண்டோஸோ லினக்ஸோ உள்ள ஏறி வர்ற வரைக்கும் நடக்கறது, ஒரே செயல் இல்ல.

பூட்ஸ்ட்ராப்ங்கறதோட சுருக்கம் தான் பூட். பூட்ஸை இழுத்து மாட்ட வசதியா அதோட மேல் விளிம்புல தச்சிருக்கற வாருக்குப் பேரு பூட்ஸ்ட்ராப். அந்த வாரைத் தானே பிடிச்சு இழுத்துத் தன்னையே மேல தூக்குறதுன்னா நடக்காத காரியம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல அப்படி ஒரு வழக்கு இருந்துச்சு. 1950கள்ல கம்ப்யூட்டர்காரங்க அதை எடுத்துக்கிட்டாங்க. ஒரு ப்ரோக்ராமை மெமரில ஏத்தணும்னா ஏத்துறதுக்கே இன்னொரு ப்ரோக்ராம் வேணுமே, அதை யாரு ஏத்துறது? ஐபிஎம் 701ங்கற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்ல லோட் பட்டனை அமுக்குனா முதல்ல கொஞ்சூண்டு படிக்கும், அந்தக் கொஞ்சூண்டு அடுத்ததைப் படிக்கும், அது அதுக்கடுத்ததை, இப்படியே முழுசும் உள்ள வந்துடும்.

இன்னிக்கும் அதே முறை தான். பயாஸ்ங்கற (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்கற ப்ரோக்ராம்) பழைய கம்ப்யூட்டர்ல டிஸ்க்கோட முதல் 512 பைட்ல கோடுக்குன்னு இருக்கற இடம் 446 பைட் தான், அதுல மெனுவெல்லாம் காட்ட முடியுமா? அதனால தான் க்ரப் துண்டு துண்டா ஏறுது. (க்ரப்னா கிராண்ட் யூனிஃபைட் பூட்லோடர், விண்டோஸா லினக்ஸான்னு மெனு காட்டி, கேட்டதை ஏத்தி விடற ப்ரோக்ராம். 1995ல எரிக் போலின் எழுத ஆரம்பிச்சது, அதுவும் லினக்ஸுக்காக இல்ல, க்னூ ஹர்டுங்கற வேற ஒரு ஓஎஸ்ஸுக்காக.)

தமிழ்ல துவக்கு, தொடக்கு ரெண்டும் புழக்கத்துல இருக்கு. எனக்குத் தொடக்கு தான் பிடிச்சிருக்கு, ஈழத்துல துவக்குன்னா துப்பாக்கி, அவங்களும் படிக்கணும்ல. டூயல் பூட்டுக்கு இரட்டைத் தொடக்கம், பூட் ஆர்டருக்குத் தொடக்க வரிசை, பூட்லோடருக்குத் தொடக்க ஏற்றி. இதுல ஏற்றிங்கறது ரொம்பப் பொருத்தம், பாரம் ஏத்துறதும் ஏத்துறது தான், மேல தூக்குறதும் ஏத்துறது தான், இங்கிலீஷ்காரங்க காலணி வாரை வச்சுச் சொன்னது நம்ம வினையிலயே ஒளிஞ்சிருக்கு. பூட்ஸ்ட்ராப்பிங்குக்கு நான் தன்னேற்றம்னு தான் எழுதுவேன்.

இப்ப ரிப்பேருக்கு வருவோம். ஏத்தம் எந்தப் படியில நின்னுச்சுன்னு பாருங்க. மெனுவே வராம நேரா விண்டோஸ் போகுதா? யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்தது) இருக்கற கம்ப்யூட்டர்னா பெரும்பாலும் க்ரப் அழிஞ்சிருக்காது, தொடக்க வரிசைல விண்டோஸ் பூட் மேனேஜர் முன்னாடி வந்திருக்கும், யுஇஎஃப்ஐ செட்டிங்ல உபுண்டுவையோ ஃபெடோராவையோ மேல தூக்கி வைங்க, தயவுசெஞ்சு இதுக்காக லினக்ஸை முழுசா அழிச்சுட்டுத் திரும்பப் போடாதீங்க.

மெனு வருது, அதுல விண்டோஸ் மட்டும் காணோமா? டிஸ்க்ல வேற என்ன ஓஎஸ் இருக்குன்னு தேடுற ஓஎஸ்-ப்ரோபர் க்ரப் 2.06லேந்து தானா ஓடாது, பாதுகாப்புக்காக நிறுத்தி வச்சுட்டாங்க. க்ரப்போட டீஃபால்ட் செட்டிங் ஃபைல்ல ஓஎஸ்-ப்ரோபர் டிஸேபிள்ங்கற வரியை ஃபால்ஸ்னு போட்டுட்டு, உபுண்டு, டெபியன்னா அப்டேட்-க்ரப் ஓட்டுங்க.

கறுப்புத் திரைல க்ரப் ரெஸ்க்யூன்னு நின்னா முதல் துண்டு ஏறிடுச்சு, மிச்சத்தை அதால கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம். விண்டோஸ்லேந்து பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரிச்சு வச்சிருக்கற பகுதி) அழிச்சாலோ மாத்தினாலோ இப்படி ஆகும். லினக்ஸ் பார்ட்டிஷனையே அழிச்சிருந்தா வேற கதை, வெறும் நம்பர் மாறியிருந்தா அங்கயே எல்எஸ் அடிச்சு எந்தப் பார்ட்டிஷன்ல பூட் ஃபோல்டர் இருக்குன்னு தேடி, ப்ரீஃபிக்ஸை (க்ரப் தன்னோட மிச்ச ஃபைலைத் தேடுற இடம்) அங்க திருப்பி, நார்மல் மாட்யூலை ஏத்தி, நார்மல்னு அடிச்சா மெனு வந்துடும். ஆனா அது அந்த ஒரு தடவைக்கு மட்டும் தான், லினக்ஸுக்குள்ள போனதும் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டணும், இல்லாட்டி அடுத்த தடவையும் அதே திரை தான்.