"மடையைத் திறக்கணும், விடுங்க": மாரடைப்புக்குப் பின் வரும் பிதற்றல்

மாரடைப்பு வந்து மூன்றாம் நாள் இரவு. அடைப்பு நீங்கிவிட்டது, நெஞ்சுவலி இல்லை. ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கத்து எழுபது வயது விவசாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மடையைத் திறக்கணும், விடுங்க" என்று கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குகிறார். போர்வையில் களை பறிக்கிறார். காலையில் மகளைத் தெரிகிறது, பொழுது சாய்ந்ததும் தெரியவில்லை.

டெல்டாவில் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள எந்த ஊரிலும் இது நடக்கும். "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று வீட்டார் கலங்கி, திருநீறு வாங்கிவர ஆள் அனுப்புவார்கள். இது பைத்தியம் இல்லை, முதுமை மறதியும் இல்லை. டெலிரியம் எனப்படும் மூளைத் தடுமாற்றம். சில மணி நேரத்தில் தொடங்கும், ஒரே நாளில் கூடிக் குறையும். முதலில் அடிபடுவது கவனம்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே வேண்டும். அடிபட்ட இதயம் குறைவாக இறைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைவதால் மருந்தும் கழிவும் உடலில் தங்குகின்றன. காயமுற்ற இதயத் தசை கிளப்பும் அழற்சி மூளையையும் தொடுகிறது. இரவு முழுக்க விளக்கு, மானிட்டர் அலறல், ரத்த அழுத்தப் பட்டையின் இறுக்கம். தூக்கம் துண்டு துண்டாகிறது.

மருந்துகளும் சேர்ந்துகொள்ளும். அரிப்புக்குப் போடும் ஃபெனிரமைன், வாந்திக்குப் போடும் ப்ரோமெத்தசின் ஆகியவை, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும், கவனத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கும். "தூங்கட்டும்" என்று மிடசோலம் போட்டால் குழப்பம் பெரும்பாலும் கூடும். விதிவிலக்கு உண்டு: தினமும் குடித்தவர், கடைசியாகக் குடித்த இரண்டு முதல் நான்கு நாளில் நடுங்கி வியர்த்துப் பிதற்றினால், அந்த வகை மருந்துதான் சிகிச்சை. அதனால் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மானம் போகிறதே என்று மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்ட முதல் நாளில் திடீரெனக் குழப்பம், தலைவலி, வாந்தி, வாய்குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தால், மூளையில் ரத்தக்கசிவா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். "இது வெறும் பிதற்றல்" என்று அப்போது காத்திருக்கக் கூடாது.

ரகளை செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்தான் யார் கவனத்திலும் படாமல் போகிறார். "அப்பா சமத்தாத் தூங்குறாரு" என்பதுகூட டெலிரியமாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்று" என்ற எண் நான்கு முறை வரும்படி பத்து எண்களை மெதுவாகச் சொல்லி, "ஒன்று" என்று கேட்கும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் பிசகியிருக்கிறது.

சிகிச்சை என்பது காரணத்தைத் தேடுவது. ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், கிருமித்தொற்று பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் அவ்வளவு முக்கியம். ரகளையை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் என்ற மருந்து டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் குலைக்கலாம். ஆபத்தான ரகளைக்கு மட்டும், ஈசிஜி பார்த்துக்கொண்டு கொடுப்பதே நல்லது. கையைக் கட்டிப்போடுவது பீதியைக் கூட்டும்.

வீட்டார் செய்யக்கூடியது நிறைய. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். பார்வை நேரத்தில் அவருக்கு நெருக்கமான ஒருவரே போகட்டும். "அப்பா, நான் செல்வி. இது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. இன்னைக்கு வியாழக்கிழமை. வயலைத் தம்பி பாத்துக்கிறான்" என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லுங்கள். மடை இங்கே இல்லை என்று வாதாடாதீர்கள். பகலில் சன்னல் திறந்திருக்கட்டும். மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியில் உட்கார வையுங்கள். இரவில் விளக்கைக் குறைக்கச் செவிலியரிடம் கேளுங்கள். கேட்காமல் கஞ்சி ஊட்டாதீர்கள், புரையேறும்.

பெரும்பாலானோர் சில நாட்களில் தெளிவார்கள். சிலருக்கு ஞாபகமும் கவனமும் சீராக வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் மறந்துவிட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். ஆகவே அந்த நாட்களில் மாத்திரை டப்பா அவரிடம் இருக்க வேண்டாம். வேளைக்கு வேளை வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும்.