கவர் லெட்டர்: முகப்புக் கடிதம்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்பின் மேல் வைத்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதமே கவர் லெட்டர். கவரிங் லெட்டர் என்றும் வழங்கும். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம், அதற்கு நாம் எப்படிப் பொருந்துவோம் என்பதைத் தேர்வு செய்பவரிடம் நேராகச் சொல்வது அதன் பணி.

'கவர்' என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த லத்தீன் சொல். முழுவதும் மூடுதல் என்று பொருள். கணக்கோ பத்திரமோ அனுப்பும்போது, உள்ளே இருப்பது என்ன என்று விளக்கி மேலே வைத்த தாளுக்கும் இதே பெயர்தான்.

தமிழில் கவர் என்றால் அஞ்சல் உறைதான் நினைவுக்கு வரும். அதனால் 'உறைக் கடிதம்' என்று பெயர்த்தால் பொருள் திரிந்துவிடுகிறது. 'அறிமுகக் கடிதம்' என்பாரும் உண்டு. அது ஒருவருக்காக மற்றொருவர் எழுதுவது. சைவ நூல் தொகுப்பான பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் உள்ள திருமுகப் பாசுரம் அப்படிப்பட்டது: யாழிசைக் கலைஞர் பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு மதுரை ஆலவாய் இறைவனே சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக வழங்குகிறது. கவர் லெட்டரில் பரிந்து பேச எவரும் இல்லை. விண்ணப்பிப்பவரே பேசியாக வேண்டும்.

'விண்ணப்பக் கடிதம்' இன்னும் பரவலான சொல். விண்ணப்பம் வடமொழி வழி வந்தது. பெரியோரிடம் பணிந்து தெரிவித்தல் என்பது அதன் பொருள். பள்ளியில் பழகிய 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற நடையும் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. விடுப்பு கேட்க அந்த நடை போதும். வேலை கேட்கும்போது அது எழுதுபவரின் திறமையை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். 'வாய்ப்பளித்தால் என்றும் கடமைப்பட்டிருப்பேன்' என்ற வரியை யாரும் எழுதலாம். 'கிடங்கின் இருப்புக் கணக்கை ஏட்டிலிருந்து கணினிக்கு மாற்றியதில் பதிவுகளைச் சரிபார்த்தவன் நான்' என்ற வரியை அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும்.

1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்காக எழுதிய கடிதத்தை உலகின் முதல் ரெஸ்யூமே என்று பலர் சொல்கிறார்கள். அதை முகப்புக் கடிதம் என்பதே பொருத்தம். தம் வாழ்க்கைக் குறிப்பை அவர் அதில் வரிசைப்படுத்தவில்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகள் என்று ஆட்சியாளருக்குத் தேவையானவற்றையே முதலில் அடுக்கினார். கட்டடக் கலையும் சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன.

அதனால்தான் 'முகப்புக் கடிதம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். முகப்பு என்றால் முன்பகுதி, வருபவர் கண்ணில் முதலில் படுவது. பெரியோர் எழுதும் கடிதத்தைத் திருமுகம் என்று அழைத்த மொழிக்கு இது அயலாகவும் தோன்றாது. அலுவலகத் தாள்களோடு செல்லும் குறிப்புக்கு 'உடன்கடிதம்' போதும். மின்னஞ்சலில் விண்ணப்பிக்கும்போது தன்விவரம் இணைப்பாகப் போய்விடுகிறது. அந்த மின்னஞ்சலில் நாம் எழுதும் பகுதியே முகப்புக் கடிதம். அங்கே மூடுவதற்குத் தாள் இல்லாவிட்டாலும் முகப்பு என்ற பெயர் பொருந்துகிறது.

எழுதும்போது ஒற்று மிகும்: முகப்பு + கடிதம் = முகப்புக் கடிதம். 'முகப்பு மடல்' என்று எழுத விரும்பினால் ஒற்று வேண்டாம்.